தையல் நின்றதா?

வேலை கிடைத்த செய்தி வந்த அன்று குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. குட்டி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான். ஆள் என்னவோ நிலைக்கதவில் தலை இடிக்கிற உயரம். ராக்கெட் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை, அதுவும் அம்மா வெல்டராக இருக்கிற அதே தொழிற்சாலையில்! சும்மா இருப்பாரா அப்பா? அவர் அங்கே ஊழியர் பஸ் ஓட்டுகிறவர். வாயும் வண்டியும் ஒரே வேகம். பஸ்ஸில் ஏறினவர்கள், இறங்கினவர்கள், வழியில் குறுக்கே வந்தவர்கள் என்று ஒருத்தரை விடவில்லை.

"என் பொண்டாட்டி டேங்க் செய்வா, என் பொண்ணு இன்ஜின் செய்வா, நான் ரெண்டு பேரையும் கொண்டுபோய் எறக்கி விடுவேன். எங்க குடும்பம் லீவு போட்டா ராக்கெட் எப்படிய்யா கெளம்பும்?"

இன்ஜின் செய்வாள் என்று சொன்னது அவர் கணக்கு மட்டுமில்லை, குட்டியின் கணக்கும் அதுதான். படிக்கிற காலத்திலிருந்தே அவளுக்கு இன்ஜின் பைத்தியம். முதல் நாளே அந்த ஆசையில் மண் விழுந்தது. கையில் கொடுத்த அடையாள அட்டையைப் பார்த்தால் வேறு ஏதோ பிரிவு. தாழ்வாரத்தின் கோடியில், கழிவறையைத் தாண்டி, சிவப்புப் பலகை மாட்டிய ஓர் அறை. பலகையில் இருந்த பெயர் மூச்சுமுட்டும் நீளம். கேன்டீனில் யாரும் அதைச் சொல்வதில்லை. அவர்கள் வைத்த பெயர் எமலோகம்.

விஷயம் இதுதான். மேலே போன ராக்கெட் வழி தவறி ஊர்ப்பக்கம் திரும்பினால், அது யார் வீட்டுக் கூரையிலாவது விழுவதற்கு முன்னால் வானத்திலேயே அதைக் கிழித்துப் போட வேண்டும். எரிபொருள் டேங்கின் முதுகில் ஒரு வெடிக்கயிறு ஒட்டியிருக்கும். கீழேயிருந்து கட்டளை போனால் அது வெடித்து டேங்கை நீளவாக்கில் பிளந்துவிடும். ஒரு தொழிற்சாலையே ராக்கெட்டைப் பறக்கவைக்கப் பாடுபடுகிறது. இந்த ஓர் அறை மட்டும் அதைக் கொல்ல வழி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேன்டீனில் இவர்கள் தட்டோடு வந்தால் பக்கத்து மேஜைக்காரர்கள், "ஐயா, இன்னும் கொஞ்ச நாள் எங்களை விட்டுவையுங்க" என்று கும்பிடுவார்கள்.

பிரிவுத் தலைவர் தடித்த கண்ணாடி போட்டவர். சோடாபுட்டி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். குட்டியின் முகம் தொங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"இன்ஜின் கேட்டியாக்கும்?"

"ஆமா சார்."

"எல்லாரும் அதான் கேக்கறாங்க. இங்க பாரும்மா, நாம செய்யறது, செஞ்ச சாமான் வேலையே செய்யக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே செய்யற வேலை. ஆனா வேணுங்கற அன்னைக்கு அது மக்கர் பண்ணிச்சுன்னா, கீழ செத்தவன் பொண்டாட்டி பிள்ளைக்கு நீதான் போய்ப் பதில் சொல்லணும். அவ்வளவுதான் விஷயம். அந்த நாற்காலில உக்காரு, அதுக்கு மூணு கால்தான் உறுதி, பாத்து."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், ஊர் முழுக்க இன்ஜின் என்று சொல்லிவிட்டாரே! அம்மாதான் சிரித்தாள்.

"நல்லா இருக்குடி கதை. நான் நாள் முழுக்க ஒட்டிட்டு வரேன், நீ அதைக் கிழிக்கறதுக்குச் சம்பளம் வாங்கப் போற."

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த டேங்கின் தகடுகளை வளைத்து விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்கிற பட்டறையில் அவள் இருந்தாள். பற்றவைத்த கோட்டுக்கு அங்கே தையல் என்று பேர். முன்னங்கை இரண்டிலும் பொறி பட்ட புள்ளிகள், ஓயாத ஒரு வறட்டு இருமல், எதையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம். தையல் போட்டவர் யார் என்று தெரிவதற்காக ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு முத்திரை உண்டு; கோட்டின் ஓரத்தில் அடித்துவிடுவார்கள். அம்மாவின் முத்திரை ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு கீற்று. எக்ஸ்ரே எடுத்துத் தையல் தேறிய அன்று வீட்டில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். தேறாத அன்று பாத்திரங்கள் பேசும். அப்பா அந்த நாட்களில் பஸ்ஸைக் கழுவ வேண்டும் என்று வெளியே போய்விடுவார்.

இந்த முறை செய்கிற டேங்க்தான் அவளுக்குக் கடைசி. நுரையீரல் சரியில்லை, இனிமேல் புகைப்பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த ஒன்றை முடித்துவிட்டு நின்றுவிடுகிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தாள். நீளத் தையல் முழுவதையும் வேறு யாரையும் தொட விடாமல் தானே போட்டாள். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளிகூடக் குறை இல்லை. அன்று பாட்டு முணுமுணுப்போடு நிற்கவில்லை, வாய்விட்டே வந்தது.

அதே டேங்கில்தான் குட்டியின் முதல் வேலையும் வந்து சேர்ந்தது. வெடிக்கயிறு போகிற பாதையில் புதிதாக ஒரு குழாய்த் தாங்கி வந்துவிட்டது. பழைய வரைபடப்படி போனால் கயிறு அந்தத் தாங்கியைச் சுற்றி வளைய வேண்டும். வளைவு என்றால் ஆபத்து. வெடி ஓடி வரும்போது அந்த இடத்தில் நின்றுபோனாலும் போகலாம். எல்லாரும் தாங்கியை நகர்த்தச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, குட்டி ஒரு நாள் டேங்கையே சுற்றிச் சுற்றி வந்தாள். மேலிருந்து கீழ்வரை எந்தத் தடையும் இல்லாமல் நேராக ஓடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேய்த்துச் சமமாக்கிய நீளத் தையல்.

"தையல் மேலேயே கயிறை ஒட்டிட்டா என்ன சார்?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கணக்குப் போட்டார்கள், மாதிரித் தகட்டில் வெடித்துப் பார்த்தார்கள். கத்தரியால் வெட்டியதுபோல் நேராகப் பிளந்தது. "பொழைச்சுக்குவே" என்றார் சோடாபுட்டி. அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். குட்டிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. எமலோகம்கூட அவளுக்குப் பிடித்துப்போனது.

சாப்பிட உட்கார்ந்தபோது பெருமை தாங்காமல் வீட்டில் சொன்னாள். அம்மாவின் கை தட்டிலேயே நின்றது.

"என் தையல் மேலயா?"

"அங்கதாம்மா நேரா இருக்கு. அவ்வளவு நேரா வேற எதுவும் இல்ல."

"அது நேரா இருக்கறதுக்கு நான் என்ன பாடுபட்டேன்னு தெரியுமா? வேற எடமே கெடைக்கலயாடி உனக்கு?"

அப்பா புகுந்தார். "விடும்மா. நீ தைச்சதைப் பிரிக்கணும்னா உன் வயித்துல பொறந்தவதான் வரணும். வேற எவனால முடியும்?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, தண்ணீர் குடித்துத்தான் அடங்கியது. அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. குட்டியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கயிறு வெடிக்கவே போவதில்லை என்றுதானே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒத்திகைகள் ஆரம்பித்தன. ராக்கெட் போகும்போது குட்டி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டளை ராக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா, வெடித்ததா என்பதைப் பார்த்து, தலையில் மாட்டிய மைக்கில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கேட்க எளிது. ஆனால் ஒத்திகையில் ஒரு தடவைகூட அந்த வாக்கியம் அவள் வாயில் வரவில்லை. ஒரு நாள் சிக்னல் போகவில்லை. ஒரு நாள் பாதிக் கயிறுதான் வெடித்ததாகத் திரை காட்டியது. கடைசி ஒத்திகையில் திரையே அணைந்துபோனது. ஒவ்வொரு தடவையும் அவள் "உறுதி இல்லை, உறுதி இல்லை" என்றுதான் கத்த வேண்டியிருந்தது. வீட்டில் தூங்கும்போதுகூட அதைத்தான் உளறினாள் என்று அப்பா கேலி செய்தார். அவள் நினைப்போ வேறு. நிஜமாகவே வேண்டிய நாளில் இது வெடிக்காமல் போனால்?

ராக்கெட் கிளம்பியது ஒரு பளிச்சென்ற காலையில். பட்டறைக்காரர்களை எல்லாம் குடும்பத்தோடு பெரிய ஹாலில் உட்காரவைத்து, திரையில் காட்டினார்கள். அம்மா புதுத் துணி உடுத்தி, பட்டறைக் கூட்டாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்பாட்டு அறையில் யார் மைக்கில் பேசினாலும் அந்த ஹால் ஒலிபெருக்கியில் அப்படியே கேட்கும். நல்ல செய்தியை எல்லாரும் சேர்ந்து கேட்கட்டும் என்று யாரோ பெரிய மனசு பண்ணிச் செய்த ஏற்பாடு.

மேலே ஏறியது. ஹாலில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அம்மாவின் முதுகில் நாலு பேர் தட்டினார்கள். "உன் டேங்க் போகுது பாரு!" என்றார்கள். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர்.

திடீரென்று டேங்கின் அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. இன்ஜினுக்குப் போகிற எரிபொருள் திணறியது. நேராக எழுதிக்கொண்டு போன புகைக்கோடு மெல்லச் சாய்ந்தது. கடல் பக்கம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. பாழாய்ப்போனது, கரைப்பக்கம் திரும்பியது. கரையில் ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி, எல்லாம். பாதுகாப்பு அதிகாரி ஒரு கணம்தான் பார்த்தார். கட்டளையை அனுப்பினார்.

குட்டிக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அம்மா இல்லை, டேங்க் இல்லை, தையல் இல்லை. திரை மட்டும்தான். வெடி, வெடி, வெடித்துவிடு என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சிக்னல் சேர்ந்தது. இந்தக் கோடியில் வெடித்தது. அந்தக் கோடிவரைக்கும் ஓடி வெடித்தது. எந்த இடத்திலும் நிற்கவில்லை! இத்தனை ஒத்திகையிலும் வராத வாக்கியம் அவள் தொண்டையிலிருந்து துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"கட்டளை சேர்ந்தது! முழுசும் வெடிச்சது! சார், சுத்தமா வெடிச்சது சார்!"

சொன்னதோடு நிற்கவில்லை. சிரித்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. சோடாபுட்டி பாய்ந்து வந்து மைக்கைப் பொத்துவதற்குள் அது ஹால்வரைக்கும் போய்விட்டது.

ஹாலில் நடந்ததை அவளுக்கு அப்பாதான் பிற்பாடு சொன்னார், அதுவும் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதால். திரையில் புகை பூவாக விரிந்து துண்டு துண்டாக விழுகிறது. பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அழுகைக்கு நடுவில் ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல், சந்தோஷம் பொங்க, சிரிப்போடு.

முன்வரிசையில் இருந்த ஒருவர் ஆத்திரத்தோடு எழுந்து திரும்பினார். "எவ அவ? இங்க வயிறு எரியுது, அங்க சிரிக்கிறா?"

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாளாம், "என் பொண்ணு."

அவ்வளவுதான்.

விசாரணை நடந்தது. அழுத்தம் ஏன் இறங்கியது என்பதற்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, டேங்கிலிருந்து போகிற குழாய் விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நீளத் தையல் விட்டிருக்க வேண்டும். குழாய் கடலோடு போய்விட்டது, கிடைக்கவே இல்லை. டேங்கின் தகடுகள் ஆழமில்லாத தண்ணீரில் விழுந்ததால் அவற்றை மூழ்கித் தேடுகிற ஆட்களை விட்டு எடுத்துவந்தார்கள். தையல் நன்றாக இருந்தால் குற்றம் குழாய்மேல். ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா பழியிலிருந்து மீண்டுவிடுவாள்.

ஆனால் பார்ப்பதற்குத் தையல் எங்கே இருந்தது?

குட்டி கெஞ்சிக் கேட்டு, அவற்றை வைத்திருந்த கொட்டகைக்குச் சோடாபுட்டியோடு போனாள். உப்புப் பூத்த தகடுகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு தகட்டின் ஓரத்தில் வட்டமும் நடுவில் கீற்றும் தெரிந்தது. அம்மாவின் முத்திரை. அதற்குப் பக்கத்தில் தையல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உருகிப் பிளந்த விளிம்பு மட்டும் இருந்தது. மேலிருந்து கீழ்வரை அவள் வெடி ஓடியிருந்தது. ஒரு நூல்கூட மிச்சம் வைக்கவில்லை. பறக்கும்போது அங்கே ஒரு விரிசல் இருந்ததா, இல்லையா என்று இனி எந்த ஜென்மத்திலும் எவராலும் சொல்ல முடியாது. பழைய பாதையிலேயே விட்டிருந்தால் தையல் முழுசாக வந்து சேர்ந்திருக்கும்.

அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள். சோடாபுட்டி கொஞ்ச நேரம் அழவிட்டார்.

"பழைய பாதைல போயிருந்தா அந்த வளைவுல வெடி நின்னிருக்கும்மா. நான் அப்புறமா செஞ்சு பாத்தேன். நின்னுச்சு. பாதி ராக்கெட் ஊருக்குள்ள விழுந்திருக்கும்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று வருத்தப்படக்கூட அவளுக்கு வழியில்லாமல் போனது.

அறிக்கை வந்தது. குழாய்க் கசிவு காரணமாக இருக்கலாம். தையல் விட்டதும் காரணமாக இருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. மொத்த அறிக்கையிலும் ஒரு பிரிவைப் பற்றித்தான் நல்ல வார்த்தை இருந்தது. எமலோகத்தின் ஏற்பாடு எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதை வைத்தே குட்டியின் வேலையை நிரந்தரம் ஆக்கினார்கள். கேன்டீனில் யாரும் இப்போது கும்பிட்டுக் கேலி செய்யவில்லை, தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

அம்மாவை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். மறுப்பதற்கில்லை என்பதோடு யார் சண்டை போடுவது? அப்பாவின் பஸ்ஸில் பட்டறைக்காரர்கள் ஏறியதும் பேச்சை நிறுத்தினார்கள். அத்தனை வாய் பேசிய மனிதர் மௌனமாக ஓட்டிக்கொண்டு போனார். அம்மா ஓய்வு பெற்ற நாளில் கூட்டாளிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், டேங்கைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் குட்டி வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டாள். "நீ இன்ஜினியர்தானே. நீ சொல்லு. என் தையல் நின்னுதா, இல்லையா?"

நின்றது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். வாய்வரை வந்தது. ஆனால் திரையில் தெரிவதை மட்டும் சொல், தெரியாததைச் சொல்லாதே என்று பழகிய வாய் அது.

"தெரியலம்மா. யாராலும் சொல்ல முடியாது."

"சரி, போ. பஸ் போயிடும்" என்றாள் அம்மா.

அன்று முழுவதும் குட்டி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மூளை இருக்கா உனக்கு, பெத்தவளிடம் போய் உன் ஒழுங்கைக் காட்டுகிறாயே என்று. ஆனால் அம்மா மறுபடி கேட்கவில்லை. கேட்காததை இவளாகப் போய் எப்படிச் சொல்வது? நாள் தள்ளிக்கொண்டே போனது.

அம்மாவின் மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். குட்டிக்குப் புரிந்துவிட்டது. நேராக அம்மாவிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் போர்வைமேல் விழுந்திருந்தது.

"அம்மா, ஒரு விஷயம். புதுசா ஒரு சோதனை பண்ணிப் பாத்தாங்க. குழாய்தான்மா. உன் தையல் நின்னுதான் இருந்திருக்கு."

அம்மா கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

"கேக்க நல்லா இருக்குடி" என்றாள். "ஆனா பொய்."

"இல்லம்மா, நெஜம்மா..."

"நெஜமா சந்தோஷப்பட்டா உன் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஹால்ல அத்தனை பேரோட உக்காந்து கேட்டேனே."

அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் குட்டிக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுது. அன்னைக்குச் சொன்னியே, அந்த மாதிரி ஒரு தடவை சொல்லு. கேட்டுக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள் அம்மா.

"நின்னுச்சும்மா" என்றாள் குட்டி. குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. "உன் தையல் நின்னுச்சும்மா, சுத்தமா நின்னுச்சு." நர்ஸ் வந்து நோயாளி தூங்கட்டும், வெளியே போங்கள் என்று சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட அந்தக் குரல் வரவில்லை.